கீழவீதிக் கூடத்துச் சுவர்கள்

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்
6 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

இனிமேல் போன் செய்யாதீர்கள். நேற்று நீங்கள் கத்தியது எனக்குப் பெரிதில்லை, பழகிவிட்டது. அல்லி எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் நாலு வருஷம், முகத்தைப் பார்த்தே உலகத்தைத் தெரிந்துகொண்ட பிள்ளை. போனில் யார், என்ன சண்டை, எல்லாவற்றையும் என் புருவத்திலேயே படித்துவிட்டாள். நான் போனை வைத்ததும் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "அப்பா?" என்றாள்.

வாட்ஸ்அப்பும் வேண்டாம். நீங்கள் ஒரு வரி, நான் ஒரு வரி என்று அதுவும் சண்டையில்தான் போய் நிற்கும். பேப்பரில் எழுதுங்கள். எழுதி, மடித்து, தபால் பெட்டி வரை நடந்து போவதற்குள் உங்கள் கோபம் பாதியாவது ஆறும். என் கோபம் ஆறாது, அது வேறு விஷயம்.

"அவ ஏன் போனான்னே தெரியல" என்று மாலதி அக்காவிடம் சொன்னீர்களாம். தெரியாதா? நமக்கு இருப்பது ஒரே கூடம். சாப்பாடு, படுக்கை, உங்கள் வயலின் வகுப்பு எல்லாம் அதில்தான். டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், காங்கிரீட் கூரை. ஒரு கரண்டி விழுந்தால் ஊரே இடிந்த மாதிரி சத்தம். அதில் எட்டுப் பிள்ளைகள் சேர்ந்து வில் போட்டால், புதிதாகக் காதில் மெஷின் வைத்த குழந்தைக்கு எப்படி இருக்கும்? அன்றைக்கு அல்லி வீறிட்டு அழுது மெஷினைப் பிடுங்கி எறிந்தாள். நீங்கள் வில்லைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னீர்கள்: "கிளாஸ் முடியற வரைக்கும் அத கழட்டியே வையேன் கயலு."

காது கேட்க வேண்டும் என்று ஆபரேஷன் டேபிளில் படுக்க வைத்த பிள்ளை. உங்கள் பாட்டு நடப்பதற்காக அவளை மறுபடி செவிடாக்கி ஓரமாக உட்கார வைக்கச் சொன்னீர்கள். மறுநாள் காலை பஸ்ஸுக்கு நான் கிளம்பாமல் வேறு என்ன செய்வேன்?

சண்டை போட இதை எழுதவில்லை. ஜூனில் அல்லியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். சிதம்பரத்திலா கடலூரிலா என்பதை அந்தக் கூடம்தான் முடிவு செய்யும். மே முடிவதற்குள் அவள் மெஷினோடு, அழாமல் உட்காரக்கூடிய இடமாக அதை மாற்றுங்கள். முடியாது என்றால் சொல்லிவிடுங்கள். நாங்கள் அக்கா வீட்டு மாடியிலேயே இருந்துகொள்கிறோம். இங்கே அவள் கேட்டுப் பேசப் பழகும் பயிற்சிக்குப் போகவும் பக்கம்.

கயல்விழி



கீழவீதி, சிதம்பரம்
10 ஏப்ரல் 2025

கயலு,

கடிதமா அது? கோர்ட் சம்மன். பிரித்ததும் வேர்த்துவிட்டது.

அன்றைக்குச் சொன்னது வாய் தவறி வந்தது. இதை எத்தனை தடவை சொன்னாலும் நீ இறங்கப் போவதில்லை. சரி, வேலையைப் பேசுவோம். அதையாவது உருப்படியாகச் செய்கிறேன்.

நீ போனபின் கூடத்தின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினேன். 'டக்' என்று தட்டினால் 'டர்ர்ர்' என்று பதில் வருகிறது. எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் சத்தத்தைப் பந்து மாதிரி மாறி மாறி எறிந்து விளையாடுகின்றன. இத்தனை வருஷம் அதன் நடுவில்தான் வாசித்திருக்கிறேன். நான் அதை நல்ல கார்வை என்று நினைத்திருந்தேன், போ.

இதற்கு வைத்தியம் உண்டு. டிஃப்யூசர் என்பார்கள். பாட்டு ரெக்கார்டிங் செய்கிற ஸ்டுடியோக்களில் சுவரில் பார்த்திருப்பாய்: மேடும் பள்ளமுமாக மரக்கட்டைகள் பதித்த பலகை. சத்தம் வழவழப்பான சுவரில் மோதினால் மொத்தமாகத் திரும்பி வரும். மேடு பள்ளத்தில் மோதினால் நாலா பக்கமும் சிதறிப் போகும். கூடத்துக்கு உயிரும் இருக்கும், அந்த 'டர்ர்ர்' இருக்காது. கடையில் வாங்குவது நமக்குக் கட்டுப்படியாகாது. நானே செய்கிறேன்.

எதில் செய்வது என்பதுதான் கேள்வி. எல்லாரும் சொல்கிறார்களே என்று முதலில் முட்டை அட்டை வாங்கி வந்து பாதிச் சுவருக்கு ஒட்டினேன். தட்டினால் அதே 'டர்ர்ர்'. கரப்பான் பூச்சிதான் கூடுதல். கிழித்துப் போட்டேன். தெர்மாகோல் வெட்ட சுலபம். ஒரு நாளில் சுவர் முழுக்க அடித்துவிடலாம். ஆனால் அதில் கனமே இல்லை. மெல்லிய சத்தத்தை வேண்டுமானால் அலைக்கழிக்கும், தடித்த சத்தம் அதைப் பொருட்படுத்தாமல் ஊடுருவிப் போய்விடும். பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்து ஒட்டிப் பார்த்தேன். அடித்தால் 'டொய்ங்' என்று அதுவே பாட ஆரம்பிக்கிறது. பிளைவுட் நன்றாக இருக்கிறது, ஆனால் தட்டையான பலகையில் மேடு பள்ளம் செய்வதற்குள் நான் தச்சனாகிவிடுவேன்.

மரம்தான் சரி. எந்த மரம் என்று பார்க்கிறேன். அல்லிக்கு அந்த முட்டை அட்டையில் ஒரு ஆமை செய்து வைத்திருக்கிறேன். எப்போது வருவாள்?

அரசு



கடலூர்
15 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்கள். கடிதத்திலேயே தெரிகிறது. பெண்டாட்டி பிள்ளை இல்லாத வீட்டில் கை தட்டிக்கொண்டு, பைப்பைப் பிளந்துகொண்டு. வருஷப் பிறப்புக்கு ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் பயிற்சி மையத்தில் சவரியம்மாள் டீச்சரிடம் படித்துக் காட்டினேன். (முதல் வரிகளை விட்டுவிட்டுத்தான்.) அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"சத்தத்த சிதற உடறதெல்லாம் பாட்டுக்காரங்களுக்கு. நம்ம காது, வேண்டாத சத்தத்த ஒதுக்கிட்டு வேண்டியத எடுத்துக்கும். இவ மெஷினு எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிக் குடுக்கும். சிதறினாலும் அது அங்கேயேதான சுத்திகினு இருக்கும்? சத்தத்த குடிக்கிற சாமானா வெக்கச் சொல்லுங்க. பஞ்சு, துணி, பாய், திரை. அவுங்களுக்கு புடிக்காது. ஆனா அதான் வேணும்."

இதைக் கேட்டபோது எனக்கு ஒன்று புரிந்தது. நீங்கள் செய்வது அல்லிக்கான கூடம் இல்லை. உங்களுக்கான கூடம். 'டர்ர்ர்' போக வேண்டும், ஆனால் வயலினுக்கு ஒரு குறையும் வரக் கூடாது. பிள்ளை அதற்குள் எப்படியோ பொருந்திக்கொள்ள வேண்டும். அப்படித்தானே?

தெர்மாகோல் பக்கமே போகாதீர்கள். கூடத்தில் விளக்கு ஏற்றுகிறீர்கள், கற்பூரம் காட்டுகிறீர்கள். ஒரு பொறி போதும்.

ஆமையைத் தம்பி கொளஞ்சியிடம் கொடுத்து அனுப்புங்கள்.

கயல்விழி



சிதம்பரம்
20 ஏப்ரல் 2025

கயலு,

டீச்சர் சொன்னதைப் படித்தேன். மரியாதையோடு சொல்கிறேன், பஞ்சு வைக்க மாட்டேன்.

நீ நினைக்கிற மாதிரி இது வீம்பு இல்லை. மெத்தை அடைத்த அறையில் வாசித்தால் வயலினுக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கும். மாணவன் பிசிறு தட்டினால் எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அப்புறம் எவன் என்னிடம் வருவான்? வகுப்பு இல்லை என்றால் நம் அடுப்பில் பூனைதான் தூங்கும். இதையும் அல்லிக்காகத்தான் சொல்கிறேன், நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும்.

மரம் முடிவாகிவிட்டது: சவுக்கு. உன் ஊர்ப் பக்கத்துச் சரக்குதான். குறிஞ்சிப்பாடித் தோப்பிலிருந்து உன் தம்பி கொளஞ்சி குட்டியானையில் ஏற்றி வந்து இறக்கினான். முந்திரிக்கொட்டை ஏற்றுகிற வண்டியில் மாமனுக்காகச் சவுக்கு. கட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உருண்டைப் பக்கம் வெளியே தெரிய, பருமனானது மெலிந்தது என்று கலந்து நெட்டுக்குத்தாக நெருக்கி அடித்தேன். சத்தம் உருண்டையில் பட்டால் வழுக்கிச் சிதறுகிறது. ஒரு சுவர் முடிந்ததும் கை தட்டினேன். கயலு, 'டக்' என்றால் 'டக்'தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் கேலி செய்திருப்பாய்.

ஒரே ஒரு தொல்லை. நாலாம் நாளே கட்டைக்குக் கீழே மாவு மாதிரி தூள். கொளஞ்சி பார்த்துவிட்டு, "மாமா, சவுக்கு உளுத்து பூடும். வருஷம் தாங்காது. நான் ஒண்ணு கொண்டாறேன், கடலூர்ல படகுக்கே அததான் பூசுவாங்க. பூச்சி கிட்ட வராது" என்றான். நல்ல பையன். உன்னைப் போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை.

மே நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அல்லியை அழைத்துக்கொண்டு வா. வகுப்பு வைக்கவில்லை. நான் மட்டும், ஒரே ஒரு வயலின். வந்து கேட்டுவிட்டுப் பேசு.

அரசு



கடலூர்
25 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

வருகிறோம். காலை பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்பிவிடுவோம். தங்க மாட்டோம், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆமை வந்தது. தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியதில் நசுங்கிவிட்டது. அழுதாள். இன்னொன்று செய்து வையுங்கள்.

படகுக்குப் பூசுவது என்றால் என்ன? பெயரை எழுதுங்கள். கொளஞ்சியைக் கேட்டால் "மாமாவ கேளுக்கா" என்று நழுவுகிறான்.

கயல்விழி



கடலூர்
7 மே 2025

மாமாவுக்கு,

முந்திரிக்கொட்டை எண்ணெய்.

பட்டால் தோல் வெந்துபோகும் என்று பிறந்ததிலிருந்து தெரிந்த பண்ருட்டிக்காரி வீட்டுச் சுவரில் அதையே பூசியிருக்கிறீர்கள். பேர் கேட்டு எழுதினேனே, ஏன் பதில் எழுதவில்லை? எழுதினால் நான் வர மாட்டேன் என்று தெரியும். அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை அல்லி எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்! சவுக்குக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மேலே கீழே, மேலே கீழே. நீங்கள் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நானும் நின்றேன். கூடத்தில் புகை மண்டிக் கிடந்ததே, சாம்பிராணி எதற்கு என்று கேட்டேன். "புள்ள வர்ற நல்ல நாளாச்சே" என்றீர்கள். அந்தப் பொய்யை நானும் நம்பினேன். எண்ணெய் வாடை எனக்குத் தெரிந்துவிடும் என்று புகை போட்டு மறைத்திருக்கிறீர்கள்.

பஸ்ஸிலேயே கையைச் சொறிய ஆரம்பித்தாள். மறுநாள் காலையில் உள்ளங்கை இரண்டும் சிவந்து தடித்திருந்தது. சாயங்காலத்துக்குள் கொப்புளம். டாக்டர் களிம்பு போட்டுத் துணி சுற்றியிருக்கிறார். கொளஞ்சியைக் கூப்பிட்டு உலுக்கியபோதுதான் உண்மை வந்தது. "நல்லா காயணும் மாமா, மாசக் கணக்குல வெயில்ல கெடக்கணும், அதுக்கு மேல வார்னிஷ் அடிக்கணும்னு சொன்னேன்க்கா. மாமாதான் ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்னு அவசரப்பட்டாரு" என்று அழுகிறான். கத்திரி தொடங்கின அன்றைக்கு, அந்த அனலில், அரைகுறையாகக் காய்ந்த எண்ணெய் கசியாமல் என்ன செய்யும்?

கொளஞ்சி இன்னொன்றும் சொன்னான். பூசும்போது நீங்கள் கைக்கு உறை போட்டுக்கொண்டீர்களாம். "வில் பிடிக்கிற கை மச்சான்" என்றீர்களாம். அப்படியானால் அது கையை வேகவைக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் கைக்கு உறை, என் பிள்ளை கைக்கு ஒன்றும் இல்லை.

அல்லி பாதிப் பேச்சைக் கையால்தான் பேசுவாள். தண்ணீர், பசி, அங்கே, வேண்டும், எல்லாம் அந்தக் கைதான். மெஷினைத் தானே எடுத்து மாட்டிக்கொள்ள இப்போதுதான் பழகியிருந்தாள். இப்போது துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். இப்போது வந்து வாசியுங்கள் உங்கள் வயலினை.

இங்கே பள்ளிக்கூடத்தில் பேசிவிட்டேன். இடம் தருகிறோம் என்கிறார்கள்.

கயல்விழி



சிதம்பரம்
12 மே 2025

கயலு,

பதில் எழுத எனக்கு முகம் இல்லை. ஆனாலும் எழுதாமல் இருந்தால் அதையும் ஒரு குற்றமாகச் சேர்ப்பாய். சேர்க்க வேண்டியதுதான்.

தொட்டால் பிசுபிசுக்கவில்லை, அதனால் காய்ந்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க ஆசைப்பட்டேனா, தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை உனக்கு முடிந்த வேலையைக் காட்ட வேண்டும். அது ஒன்றுதான் மண்டையில் ஓடியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்று பழமொழி சொல்லித் தப்பிக்க மாட்டேன். குரங்கு நான்தான்.

உன் கடிதம் வந்த அன்றே எல்லாக் கட்டைகளையும் பெயர்த்துக் கொல்லைக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். உறை போடத் தோன்றவில்லை. என் கையும் வெந்துவிட்டது. விரல் இடுக்கெல்லாம் கொப்புளம். வில் பிடிக்க முடியாது. வகுப்பை மூத்த மாணவி விருத்தாம்பாளைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

எங்கே உட்கார்ந்தேன் தெரியுமா? சமையலறை வாசலுக்குப் பக்கத்தில், தரையில். அல்லி உட்காரும் இடம். இந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளும் அங்கே உட்கார்ந்து வகுப்பைக் கேட்டதில்லை. என் இடம் ஜன்னல் பக்கம், பலகை மேல். அங்கிருந்து கேட்டுத்தான் கூடம் நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்றெல்லாம் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டை அடித்தபோதும் கை தட்டியது அங்கே நின்றுதான்.

தரையிலிருந்து கேட்டால் அது பாட்டே இல்லை கயலு. எட்டு வயலினும் ஒரே இரைச்சலாக முதுகிலும் காதிலும் மோதுகிறது. விருத்தாம்பாள் ஏதோ சொல்கிறாள். பிள்ளைகள் நிறுத்துகிறார்கள், ஆரம்பிக்கிறார்கள். என்ன சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு காதும் நன்றாக இருக்கிற எனக்கே புரியவில்லை. பாதியில் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அவளை நாம் தினமும் அங்கேதான் உட்கார வைத்தோம்.

இனி இந்த வீட்டில் வகுப்பு வேண்டாம். பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன். வயலினைப் பெட்டியில் வைத்து மூடி பரண்மேல் போட்டுவிட்டேன். வேறு ஏதாவது வேலை தேடிக்கொள்கிறேன். நீங்கள் வந்தால் போதும்.

அல்லியின் கை எப்படி இருக்கிறது? அதை மட்டுமாவது எழுது.

அரசு



கடலூர்
16 மே 2025

மாமாவுக்கு,

கொப்புளம் வற்றித் தோல் உரிகிறது. இரண்டு நாளாகத் துணி இல்லை. நேற்று மெஷினைத் தானே மாட்டிக்கொண்டாள். வடு இருக்காது என்கிறார் டாக்டர்.

உங்கள் கையும் வெந்ததைப் படித்து நான் மனம் இளகுவேன் என்று நினைத்தீர்களா? உங்கள் கை வெந்தால் என் பிள்ளை கை ஆறிவிடுமா? தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், பரவும். டாக்டரிடம் போங்கள்.

பரண்மேல் வயலினைப் போட்டேன் என்று எழுதியிருப்பதைப் படித்துத்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது. யார் கேட்டது அதை? வயலினை நிறுத்துங்கள் என்று நான் எந்தக் கடிதத்தில் எழுதினேன்? அவள் இருக்கக்கூடிய இடமாகக் கூடத்தை மாற்றுங்கள் என்றுதான் கேட்டேன். அதற்கு மரம்தான் வைப்பேன் என்று ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றீர்கள். இப்போது எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று மறுபக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான். நாளைக்கு அல்லி வளர்ந்து "என்னால அப்பா வயலின வுட்டுட்டாரு" என்று நினைக்க வேண்டுமா? அந்தப் பாரத்தை அவள் தலையில் வைக்காதீர்கள். நான் விட மாட்டேன்.

ஒன்று மட்டும் உங்களை மெச்சுகிறேன். தரையில் உட்கார்ந்தீர்கள். அதை நீங்களே எழுதாமல் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

டீச்சரிடம் மறுபடியும் கேட்டேன். அடர்த்தியான பஞ்சு, குறைந்தது நாலு விரல் தடிமனாவது வேண்டுமாம். வெறும் திரைச்சீலை போதாது. தரைக்கு ஜமக்காளம். பஞ்சை மூடக் கொளஞ்சியிடம் சாக்கு மட்டும் வாங்கிவிடாதீர்கள். முந்திரிச் சாக்கில் அதே எண்ணெய் ஊறியிருக்கும். இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது.

மே இன்னும் முடியவில்லை.

கயல்விழி



சிதம்பரம்
21 மே 2025

கயலு,

டாக்டரிடம் போனேன். கை பரவாயில்லை.

இலவம்பஞ்சு மெத்தை இரண்டையும் பிரித்தேன். நம் கல்யாண மெத்தைதான், திட்டாதே. பஞ்சை அடித்து, மரச் சட்டத்துக்குள் நெருக்கித் திணித்து, மேலே உன் பழைய நூல் புடவைகளை இழுத்துக் கட்டினேன். பற்றாததற்குக் கடையில் புதுப் பஞ்சு வாங்கினேன். தரையிலிருந்து என் தோள் உயரம் வரை சுற்றிலும் அதுதான். விளக்கைச் சமையலறைக்கு மாற்றிவிட்டேன்.

அதற்கு மேலே மட்டும், அல்லி ஏணி போட்டாலும் எட்டாத உயரத்தில், மரம். டீச்சர் திட்டினாலும் அதை விட மனசு வரவில்லை. பண்ருட்டியில் கட்டில் செய்கிற பட்டறையில் கழித்துப் போட்ட பலாத் துண்டுகள், ஒன்று நீட்டி ஒன்று உள்வாங்கி. எதுவும் பூசவில்லை. பச்சையாகவே இருக்கிறது. ஒவ்வொரு துண்டையும் என் கன்னத்தில் தேய்த்து ஒரு நாள் பொறுத்துப் பார்த்துத்தான் ஏற்றினேன். உளுத்தால் உளுக்கட்டும், கழற்றிவிட்டு வேறு வைத்துக்கொள்வோம்.

இந்த முறை கை தட்டிப் பார்க்கவில்லை. விருத்தாம்பாளை ஜன்னல் பக்கம் நிற்க வைத்துச் செய்தித்தாளைப் படிக்கச் சொல்லிவிட்டு, அல்லியின் இடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. வாசிக்கவும் சொன்னேன். வயலின் கொஞ்சம் வாடித்தான் போயிருக்கிறது. இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வருவாயா? நீ முதலில் தனியாகக் கூடத்துக்குள் வந்து எல்லாவற்றையும் முகர்ந்து பார், தொட்டுப் பார். அப்புறம் அல்லியை உள்ளே விடு.

அரசு



சிதம்பரம்
26 மே 2025

கயலு,

நேற்று நீ பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது நடந்ததை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ் ஏற்றிவிடும்போதும் நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். எழுதிவிடுகிறேன்.

நீ கிளம்பியதும் அல்லி சுவரைப் பார்த்து உட்கார்ந்து சுவர்ப் பஞ்சை விரலால் குத்திக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் இருந்தேன். கத்தவில்லை, சாதாரணமாக "அல்லி" என்றேன். திரும்பினாள். கையைத் தட்டவில்லை, தரையை உதைக்கவில்லை, வெறும் குரல்தான். திரும்பி, "ஆங்?" என்றாள்.

அதில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது. வயலினை எடுத்துக் காட்டி, "வாசிக்கட்டா?" என்றேன். தலையாட்டினாள். தடித்த தந்தியில் மெதுவாக ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் வாசித்தேன். புருவம் சுருங்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கேட்கிறாள் கயலு, என் வயலினைக் கேட்கிறாள் என்று எனக்குள் என்னவோ பொங்கியது. அவ்வளவுதான். வழக்கம் போலக் கண்ணை மூடிவிட்டேன். ராகத்தில் மேலே மேலே போனேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

முழங்காலில் ஒரு கை பட்டது. கண்ணைத் திறந்தால் எதிரில் நிற்கிறாள்.

"போதும்ப்பா."

தெளிவாகச் சொன்னாள். ராகம் பாதியில் நிற்கிறது, இன்னும் ஒரு வரி வாசித்தால் முடித்துவிடலாம். என் கை அந்த ஒரு வரிக்குத் துடித்தது. பொய் சொல்ல மாட்டேன். மேடையில், கல்யாண வீட்டில், எவ்வளவு பேர் எழுந்து போயிருக்கிறார்கள், பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் நிறுத்தியதில்லை. போதும் என்று என் முகத்துக்கு நேரே ஒருவரும் சொன்னதில்லை. என் மகள் சொன்னாள்.

வில்லை எடுத்துவிட்டேன். அந்த இடத்திலேயே, பாதியிலேயே. வயலினைப் பெட்டியில் வைத்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். மேலே பலாத் துண்டுகளுக்கு நடுவில் ஒரு பல்லி குடிவந்திருந்தது. நீ வந்தபோது நாங்கள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அவளுக்கு வயலின் பிடிக்கவில்லை. பஞ்சு வைத்தும், மரம் வைத்தும், இவ்வளவும் செய்தும் பிடிக்கவில்லை. நீ கேட்டதை நான் செய்து முடிக்கவில்லை என்றுதானே இதற்கு அர்த்தம்? அவளைக் கடலூரிலேயே சேர்த்துவிடு. நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து பார்க்கிறேன். வயலினைப் பரண்மேல் போட மாட்டேன், பயப்படாதே.

அரசு



கடலூர்
29 மே 2025

மாமாவுக்கு,

உங்களை என்ன சொல்லித் திட்டுவது என்றே தெரியவில்லை. வயலினைத் தவிர உங்களுக்கு உலகத்தில் ஒரு மண்ணும் தெரியாது.

நீங்கள் எழுதியதை நாலு தடவை படித்தேன். நாலு தடவையும் அழுதேன். மாலதி அக்கா என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டாள்.

அவள் அழவில்லை மாமா. மெஷினைப் பிடுங்கி எறியவில்லை. எழுந்து வந்து, உங்களைத் தொட்டு, வாயால் சொன்னாள். போதும் என்று சொல்ல வேண்டுமானால் அதுவரைக்கும் கேட்டிருக்க வேண்டும் இல்லையா? சொன்னால் அப்பா நிறுத்துவார் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும் இல்லையா? நான் கேட்ட கூடம் இதுதான். உங்கள் வயலின் அவளுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது அவள் பாடு. பிடித்தால் கேட்பாள், பிடிக்காவிட்டால் போதும் என்பாள். எல்லா வீட்டிலும் பிள்ளைகள் அப்பனிடம் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நீங்களும் பாதியில் நிறுத்தியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை விழுங்கிக்கொண்டு நிறுத்தியிருக்கிறீர்கள். உங்களைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து எனக்கு அப்படி ஒரு தடவை வாய்த்ததில்லை.

இங்கே பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சவரியம்மாள் டீச்சர் வாரம் ஒரு நாள் அழைத்து வந்தால் போதும் என்கிறார். சனிக்கிழமை காலை கொளஞ்சி வண்டி கொண்டு வருகிறான். வண்டியை நன்றாகக் கழுவச் சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் வழக்கம் போல எட்டுப் பிள்ளைகளையும் வரச் சொல்லுங்கள். நானும் அல்லியும் கூடத்திலேயே உட்காருவோம். அவள் போதும் என்றால் எட்டுப் பேரும் நிறுத்த வேண்டும், அதை இப்போதே அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

இங்கேயே தங்கிவிடுவது என்று வாங்கிப் போட்ட பீரோவையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். இறக்குவதற்கு இரண்டு ஆள் வேண்டும்.

கயல்